ஜெர்மன் ராணுவ பூட்ஸ்: அசலும் அல்லாததும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவ பூட்ஸுக்குப் பழம்பொருள் சேகரிப்போரிடம் எப்போதும் தேவை உண்டு, கிடைப்பதோ குறைவு. ஹெல்மெட்டும் பதக்கமும் உலோகம். பரணில் போட்டு மறந்தாலும் தலைமுறை தாண்டிக் கிடக்கும். பூட்ஸ் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். 1939 முதல் 1945 வரை ஜெர்மன் படைகளில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் பணியாற்றினார்கள். அவர்களுக்காகத் தைத்த பூட்ஸ்களில் பெரும்பகுதி போர்முனையிலேயே அழிந்தது. எஞ்சியவற்றைப் போருக்குப் பிந்தைய தட்டுப்பாடு தின்று தீர்த்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களும் உழவர்களும் இடிபாடு அள்ளிய கூலியாட்களும் சோல் பிய்ந்து விழும்வரை அவற்றையே போட்டு உழைத்தார்கள். இன்று நல்ல நிலையில் கிடைப்பவை பெரும்பாலும் கிடங்கைவிட்டு வெளியே வராதவை, அல்லது நேச நாட்டுச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றவை.

அசல் அருகிப்போன இடத்தில் வேறு பல பூட்ஸ்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. போருக்குப் பிறகு அதே ஜெர்மனியில், அதே பழைய வடிவத்தில் தைக்கப்பட்டவை ஒரு வகை. அக்கம்பக்கத்து ஐரோப்பிய நாடுகளின் ராணுவ பூட்ஸ்கள் இன்னொரு வகை. போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்கும் திரைப்படங்களுக்கும் என்று இந்தியா, பாகிஸ்தான், சீனா போன்ற நாடுகளில் தைத்து அனுப்பப்படும் நகல்கள் மூன்றாவது. இவற்றைச் செய்தவர்கள் யாரையும் ஏமாற்ற எண்ணிச் செய்யவில்லை. நகல் நகலாகவே விற்கப்பட்டது. போருக்குப் பிந்தைய பூட்ஸ் அதன் காலத்தில் நேர்மையான ராணுவத் தளவாடம்தான். கைமாறும்போதுதான் கதை சேர்கிறது, போலி முத்திரை சேர்கிறது, செயற்கையான பழமையும் சேர்கிறது. ஆகவே அசலை அறிய முனைபவர் ‘இது போலியா’ என்று கேட்பதைவிட ‘இது எப்போது, யாருக்காக, எந்தப் பொருளால் தைக்கப்பட்டது’ என்று கேட்பதே பலன் தரும்.

படை போட்டு நடந்தவை

காலாட்படையின் அடையாளமாகிப்போன நெடும் பூட்ஸின் பெயர் மார்ஷ்ஸ்டீஃபெல். லேஸ் கிடையாது, காலை நுழைத்து இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். 1866-ஆம் ஆண்டு பிரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட மாதிரியின் நேர்வாரிசு இது. முதல் உலகப் போரில் கெய்சரின் சிப்பாய்கள் போட்டதற்கும் 1939-இல் போலந்துக்குள் நுழைந்தவர்கள் போட்டதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. மாட்டுத்தோல், மணல் தூவியதுபோன்ற பொறிகொண்ட மேற்பரப்பு. பாதத்துக்கு மேலே நிற்கும் குழல் முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டுகளாக வெட்டப்பட்டு, பொதுவாக இரு பக்கங்களிலும் நெடுந்தையலால் இணைக்கப்பட்டிருக்கும். குதிகாலைச் சுற்றி வெளிப்புறமாக ஒரு வலுத்தோல். குழலின் உள்ளே, மேல்விளிம்பை ஒட்டி, பிடித்து இழுப்பதற்கு இரண்டு துணிக் காதுகள். அடியில் இரட்டைத் தோல் சோல். அதில் 35 முதல் 45 இரும்பாணிகள். குதிகாலின் ஓரத்தைத் தழுவியபடி ஒரு லாடம்.

தோல் பழுப்பு நிறமாகவே தைக்கப்பட்டு, பாலிஷ் போட்டுப் போட்டுக் கறுப்பாக்கப்பட்டது. பழைய ஜோடியின் மடிப்புகளிலும் தேய்ந்த முனைகளிலும் கறுப்புக்கு அடியில் பழுப்பு எட்டிப்பார்ப்பதற்கு இதுவே காரணம். உள்ளேவரை சாயம் ஊறிக் கறுத்த தோல் கண்ணில் பட்டால், அடுத்த கேள்விகளைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும்.

கணுக்கால் உயர லேஸ் பூட்ஸ் 1937 மாதிரியாக வந்தது. தொடக்கத்தில் பயிற்சிக்கும் முகாம் வேலைகளுக்கும்தான் அது. போர் நீள நீள நெடும் பூட்ஸின் இடத்தை அதுவே பிடித்தது. காரணம் தோல் பஞ்சம். ஜெர்மனி பதனிடாத தோலுக்கு இறக்குமதியை நம்பிய நாடு. போர் தொடங்கியதும் கடல்வழி அடைபட்டது. 1939 ஆகஸ்ட் இறுதியிலேயே பொதுமக்களுக்குச் செருப்பு, ஷூ வாங்க அனுமதிச் சீட்டு கட்டாயமானது. அதே ஆண்டு இறுதியில் ராணுவ பூட்ஸின் குழல் உயரம் சில சென்டிமீட்டர் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் நெடும் பூட்ஸ் முன்னணிப் பிரிவுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. 1943-க்குப் பிறகு புதிதாகத் தைப்பது அருகியது. லேஸ் பூட்ஸும் அதன்மேல் சுற்றிக் கட்டும் முரட்டுத்துணிக் கெய்ட்டரும் பொதுவாகிவிட்டன. தோற்றுப் பின்வாங்கும் காலத்தில் வந்து சேர்ந்ததால் சிப்பாய்கள் அதைப் பின்வாங்கல் கெய்ட்டர் என்றே அழைத்தார்கள்.

இந்த வரிசை சேகரிப்பவருக்கு நேரடியாகப் பயன்படுவது. உயரமான குழலும் தடித்த தோலும் கொண்ட ஒரு ஜோடியில் 1944 என்ற முத்திரை இருந்தால், தோலும் முத்திரையும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒரு சில விதிவிலக்குகள் இருக்கலாம். ஆனால் விற்பவர்தான் அதை விளக்க வேண்டும்.

மற்ற வகைகளும் உண்டு. மலைப்படையின் கனமான பூட்ஸில் சோலின் விளிம்பைச் சுற்றிலும் பற்கள்போல ஆணிகள் அடிக்கப்பட்டிருக்கும். 1941-இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போன படைக்குத் தோலும் ஆலிவ் நிறக் கான்வாஸும் கலந்த உயரமான லேஸ் பூட்ஸ் கிடைத்தது. பாராசூட் படையின் முதல் மாதிரியில் லேஸ் பக்கவாட்டில் ஏறும்; அடியில் ரப்பர் சோல். பின்னர் வந்தது முன்பக்க லேஸ். இந்தப் பக்கவாட்டு லேஸ் பூட்ஸ் அரிதானது, விலை மிக்கது. அதனால் அதிக ஐயத்தோடு அணுக வேண்டியதும் அதுவே. ரஷ்யக் குளிர் இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. ஆணி அடித்த சோல் பனியின் குளிரை நேராகப் பாதத்துக்குக் கடத்தியது; காலோடு ஒட்டிய அளவில் தைத்த பூட்ஸில் இன்னொரு காலுறைக்கோ திணிக்கும் வைக்கோலுக்கோ இடம் இருக்கவில்லை. 1941–42 குளிர்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் சிப்பாய்கள் பனிக்கடிக்கு ஆளானார்கள். கம்பளி நமதாவும் தோலும் சேர்த்துத் தைத்த பூட்ஸ்கள் அதன் பிறகே பரவலாக வந்தன.

தோல் பஞ்சத்தின் இன்னொரு பக்கத்தையும் இந்தப் பொருளைக் கையில் எடுக்கும் யாரும் அறிந்திருக்க வேண்டும். பெர்லினுக்கு வடக்கே சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில் 1940-இல் ஒரு ஷூ சோதனைத் தடம் போடப்பட்டது. நீளம் 700 மீட்டர். கான்கிரீட், கரித்தூள், மணல், களிமண், சரளை, பாவுகல் என்று வெவ்வேறு தரைகள் அதில் அமைக்கப்பட்டன. தோலுக்கு மாற்றாகக் கண்டுபிடித்த சோல்கள் எவ்வளவு உழைக்கும் என்று பார்க்க, கைதிகள் அந்தத் தடத்தில் நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் நடக்க வைக்கப்பட்டார்கள். ராணுவ பூட்ஸும் கைதிகளின் காலில் இப்படிப் பழக்கப்பட்டது. அரைவயிற்று உணவோடு நடந்தவர்கள் பலர் அந்தத் தடத்திலேயே விழுந்து இறந்தார்கள். வரலாற்றாளர் ஆன்னே ஸுட்ரோ 2010-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, இந்தச் சோதனையில் அரசும் ஷூத் தொழிலும் எவ்வளவு நெருக்கமாகக் கைகோத்திருந்தன என்பதை ஆவணங்களோடு காட்டியது. தடத்தின் ஒரு பகுதி இன்றும் அந்த நினைவிடத்தில் இருக்கிறது. ஜெர்மன் பூட்ஸை வெறும் கம்பீரத்தின் சின்னமாக விற்கும் விளம்பரங்கள் இந்தத் தடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அடியிலிருந்து தொடங்குவது

அனுபவமுள்ள சேகரிப்பாளர் பூட்ஸைக் கையில் வாங்கியதும் தலைகீழாகக் கவிழ்ப்பார். முத்திரையை எவரும் புதிதாகக் குத்திவிடலாம். சோலைப் புதிதாகச் செய்து பழசாக்குவது கடினமான வேலை.

அசல் சோல் தடித்த தோல் அடுக்குகளால் ஆனது. தையலும் ஆணியும் மர ஆணியும் அதைப் பிடித்து வைத்திருக்கும். சோலின் இடுப்புப் பகுதியில், அதாவது முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நடுவே தரையில் படாமல் நிற்கும் இடத்தில், நெருக்கமாக அடித்த மர ஆணிகளின் தலைகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். ஈரம் பட்டால் மரம் உப்பித் துளையை இறுக்கிக்கொள்ளும் என்பதால் ஷூ தைப்பவர்களும் ஷூ தொழிற்சாலைகளும் நெடுங்காலம் நம்பிய முறை இது. மலிவான நகல்களில் இந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. சோலைப் பசை மட்டுமே தாங்கியிருக்கும். அடுக்குகளின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பசை ஒரு பளபளப்பான கோடாகத் தெரியும்.

இரும்பாணியைச் சுற்றியுள்ள தோல் இன்னும் நல்ல சாட்சி. மரப்பட்டையால் பதனிட்ட தோலில் டானின் நிறைந்திருக்கும். இரும்பும் ஈரமும் அந்த டானினோடு சேரும்போது கறுப்பு நிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் பயன்படுத்தியதும் இதே வேதிவினைதான். பல ஆண்டுகள் தோலுக்குள் இருந்த ஆணியைச் சுற்றி இந்தக் கறை வளையமாகப் பரவி, தோலின் உள்ளேயும் இறங்கியிருக்கும். உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு வாரத்தில் துருவேற்றிய ஆணியில் துரு செக்கச் செவேலென்று மேலே மட்டும் பூத்திருக்கும். தளர்ந்த ஓர் ஆணியைச் சற்றே அசைத்துப் பார்த்தால் அடியில் தோல் வெளுப்பாகவே இருப்பது தெரிந்துவிடும். இந்தக் கறை ஆண்டைச் சொல்லாது. 1925-இல் தைத்ததா 1945-இல் தைத்ததா என்று அதைக்கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. போன வருடம் தைத்ததா என்ற கேள்விக்கு மட்டும் விடை தரும்.

லாடத்தைப் பிடித்திருக்கும் ஆணி, திருகு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கூட்டல் குறிபோன்ற வெட்டுள்ள திருகு இருந்தால் அது பின்னாளில் போட்டது. ஆனால் அதை மட்டும் வைத்துப் பூட்ஸையே தள்ளிவிடக் கூடாது. படையிலேயே ரிப்பேர் பட்டறைகள் இருந்தன. போருக்குப் பிறகு ஊர் ஊராக இருந்த ஷூ தைப்பவர்கள் சோல் மாற்றியிருப்பார்கள். சோலை மேல்தோலோடு இணைக்கும் விளிம்புத் தோலில் பயன்படாத பழைய தையல் துளைகள் இன்னொரு வரிசையாகத் தெரிந்தால் சோல் மாற்றப்பட்டது உறுதி. மாற்றியது 1942-இல் ஒரு ராணுவப் பட்டறையா, அல்லது ரப்பர் சோலைக் கழற்றிவிட்டு ஆணி அடித்த சோலை மாட்டி விலையேற்றப் பார்த்த ஒருவரா என்பதை மற்ற அடையாளங்கள் சொல்ல வேண்டும்.

நூலும் தோலும்

போர்க்காலத் தையல் மெழுகோ கீலோ ஏற்றிய லினன், பருத்தி நூல்களால் ஆனது. நைலான் 1930-களிலும், அதன் ஜெர்மன் உறவான பெர்லான் 1938-லும் பிறந்துவிட்டாலும், ராணுவ பூட்ஸைத் தைக்கும் சாதாரண நூலாகச் செயற்கை இழை வந்தது போருக்குப் பிறகுதான். அவிழ்ந்து தொங்கும் நூலில் ஒரு மயிரிழை அளவு எடுத்துக் கொளுத்தினால், லினன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கடினமான மணியாகும். வாங்குவதற்கு முன் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாத சோதனை இது.

புற ஊதா விளக்குச் சோதனைக்கு அந்தச் சேதம் இல்லை. துணிக்கும் நூலுக்கும் பளிச்சென்ற வெண்மை தரும் வேதிப்பொருள்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பரவலாயின. இருட்டறையில் விளக்கைப் பிடித்தால் அவை நீல வெள்ளையாக ஒளிரும். பூட்ஸின் தையலும், துணிக் காதும், உள் துணியும் அப்படி ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. எனினும் சேகரிப்பாளர் வட்டங்களில் இந்த விளக்கின்மேல் வைக்கப்படும் நம்பிக்கை அதற்குத் தகுதியானதைவிட அதிகம். இன்றைய சலவைத்தூளில் அதே வேதிப்பொருள்கள் இருக்கின்றன. யாரோ ஒருமுறை துணிக் காதைக் கழுவியிருந்தால் அசலும் ஒளிரும். ஒளிராத பருத்தி நூல் இன்றும் கடையில் கிடைக்கும். ஒளிராமல் இருப்பது அசலுக்குச் சான்று ஆகாது.

தோல் பதனீட்டில் இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஒன்று மரப்பட்டை வழி. ஜெர்மனியில் ஓக், ஸ்ப்ரூஸ் பட்டைகள். மற்றொன்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிலாக வளர்ந்த குரோம் வழி. பட்டைப் பதனீட்டைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையால் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காகப் பெருமளவில் கப்பலேறியது. பட்டையில் பதனிட்ட தோலின் வெட்டுமுகம் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் வெட்டுமுகம் சாயம் ஏறாத நடுப்பகுதியில் சாம்பல் நீலமாகத் தெரியும். மேல்தோலில் குரோம் இருப்பதாலேயே ஒரு பூட்ஸ் தள்ளுபடி ஆகாது. போர்க்காலத்தில் குரோமும் கலப்புப் பதனீடும் பயன்பட்டன, பின்னாளில் பன்றித்தோலும் வந்தது. பன்றித்தோலை மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் குழுமியிருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். ஆனால் கனத்த சோல் தோலே குரோம் நீலத்தைக் காட்டினால் அது ராணுவக் கிடங்கிலிருந்து வந்ததாக நம்புவது கடினம்.

முதுமையின் குறிகளும் தோலில் உண்டு. எண்ணெய்ப் பசை வெளியேறி வெண்பூஞ்சைபோலப் படியும். பூஞ்சை என்று பயந்து துடைத்தால் விரலில் மெழுகாக ஒட்டும். பட்டைத் தோல் மிகவும் முதிர்ந்தால் செம்பழுப்புத் தூளாக உதிரத் தொடங்கும். கணுக்கால் மடிப்பு இன்னொரு நல்ல இடம். ஒரே மனிதன் மாதக்கணக்கில் நடந்த பூட்ஸில் இடது, வலது மடிப்புகள் ஒரே உயரத்தில், ஆனால் அச்சுப் பிசகாமல் ஒன்றாக அல்லாமல் விழுந்திருக்கும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். உள்ளடியில் விரல்களின் பள்ளம் பதிந்திருக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பழசாக்கிய பூட்ஸில் காலே படாத இடங்களும் தேய்ந்திருக்கும். உள்ளடியோ புதிதாக இருக்கும்.

முத்திரைகள்

விலையை உயர்த்துவது முத்திரை. அதனாலேயே அதைக் கடைசியில் பார்ப்பது நல்லது. குழலின் உள்ளே, மேல்விளிம்புக்குக் கீழே, எண்களும் எழுத்துகளும் மையாலோ அழுத்தியோ பதிக்கப்பட்டிருக்கும். சில சமயம் சோலின் இடுப்பிலும் இருக்கும்.

அளவு பெரும்பாலும் இரண்டு எண்களாக வரும்: முதலாவது சென்டிமீட்டரில் நீளம், அடுத்தது அகலத்தின் வரிசை எண். 28-உம் 5-உம் இருந்தால் 28 சென்டிமீட்டர் நீளம், 5-ஆம் அகலம். ஐரோப்பியக் கடைகளின் ஷூ எண்ணில் ஒரு புள்ளி மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். ஆகவே 28 சென்டிமீட்டர் என்பது 42-ஆம் எண். ஒரே பூட்ஸில் 28 என்றும் 45 என்றும் இருந்தால் அவற்றில் ஒன்று வேறு காலத்தில் சேர்ந்தது.

தரைப்படைக் கிடங்கின் முத்திரையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் இருக்கும். பி என்றால் பெர்லின், இ என்றால் எர்ஃபுர்ட், எம் என்றால் முனிக். எம் 41 என்ற முத்திரையை 1941 மாதிரி என்று விளக்கி விற்பவர்கள் உண்டு. உண்மையில் முனிக் உடைக்கிடங்கு 1941-இல் ஏற்றுக்கொண்ட ஜோடி என்பதே அதன் பொருள். விமானப்படைக் கிடங்குக்கு எல்.பி.ஏ. என்ற எழுத்துகள். முதல் உலகப் போர்க்கால பூட்ஸில் பி.ஏ. என்ற எழுத்துகளோடு ரோமன் எண் வரும். அது படைப்பிரிவின் எண். போரின் நடுவில், 1942–43 வாக்கில், தொழிற்சாலைப் பெயருக்குப் பதிலாக அரசு கொடுத்த இலக்கம் புழக்கத்துக்கு வந்தது. பூஜ்யத்தில் தொடங்கி, சாய்கோடுகளுக்கு இடையே நான்கு நான்கு இலக்கங்களாக வரும் எண் அது. அந்த எண்ணும் 1938 என்ற ஆண்டும் ஒரே பூட்ஸில் இருப்பதற்கு வழியில்லை.

முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது தோலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதிகம் சொல்லும். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். புதுத்தோலில் குத்திய மை முத்திரை பின்னர் தோல் வெடித்தபோது தானும் சேர்ந்து வெடித்திருக்கும். எழுத்தின் கோடு விரிசலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் தொடரும், நடுவே பள்ளத்தில் மை இருக்காது. ஏற்கெனவே வெடித்த தோலில் நேற்றுக் குத்திய மை அந்தப் பள்ளத்துக்குள் வழிந்து இறங்கியிருக்கும். அழுத்து முத்திரையும் அப்படித்தான். பதமான தோல் அச்சுக்கு இணங்கி வழவழப்பான பள்ளமாக அமுங்கும். எண்பது ஆண்டு காய்ந்த தோலில் அச்சை அடித்தால் விளிம்பில் நார் உடைந்து பிசிறு எழும். இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொள்பவர் வாழ்நாளில் பெரும் நஷ்டங்களைத் தவிர்ப்பார்.

கழுகுச் சின்னமும் எஸ்.எஸ். குறியும் பெரிதாகப் பதித்த பூட்ஸைக் கண்டால் ஆசைப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். படையில் வழங்கிய பூட்ஸ்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அளவும் கிடங்கு எழுத்தும் தவிர வேறொன்றும் இருக்காது. பல அசல் ஜோடிகளில் அவையும் வியர்வையில் கரைந்து மறைந்துவிட்டன. முத்திரையே இல்லாத, ஆனால் சோலும் நூலும் தோலும் ஒத்துப்போகும் ஜோடி, எல்லா முத்திரையும் பளிச்சென்று இருக்கும் ஜோடியைவிட நம்பத் தகுந்தது.

குழப்பும் உறவினர்கள்

மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல்படை 1951-லும், புதிய ராணுவமான புண்டெஸ்வேர் 1955-லும், கிழக்கு ஜெர்மனியின் தேசிய மக்கள் படை 1956-லும் அமைந்தன. இவை எல்லாம் இழுத்துப் போடும் நெடும் பூட்ஸைத் தொடர்ந்தன. அரசியல் மாறியது, பூட்ஸ் அச்சும் ஷூ தைப்பவரின் கைப்பழக்கமும் அவ்வளவு விரைவில் மாறவில்லை. மேற்கே பிர்மாஸன்ஸும் கிழக்கே வைஸன்ஃபெல்ஸும் போருக்கு முன்பிருந்தே ஷூ நகரங்கள். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது கிழக்கின் ராணுவக் கிடங்குகள் கலைக்கப்பட்டு, பெருந்தொகையான பூட்ஸ்கள் உபரிச் சந்தைக்கு வந்தன. போர்க்கால அசல் என்று இன்று விற்கப்படுபவற்றில் கணிசமானவை இந்த வழியில் வந்தவை. வார்ப்பு ரப்பர் சோலும் செயற்கை நூலும் இருந்தால் பிரிப்பது எளிது. தொடக்க காலத்தில் தோல் சோலோடும் ஆணியோடும் வந்தவைதான் உண்மையான சிக்கல். அங்கே அளவு முத்திரையின் வடிவம், ஆண்டு எழுதும் முறை, உள்துணி, நூல் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அதிகாரிகளின் பூட்ஸ் முற்றிலும் வேறு சங்கதி. ஜெர்மன் அதிகாரி தன் உடுப்பைப் பெரும்பாலும் சொந்தப் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். ஆகவே அவருடைய உயரமான சவாரி பூட்ஸ் தனியார் கைவினைஞர் அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும்: பின்புறத் தையல், மெல்லிய பளபளப்பான தோல், ஆணியில்லாத வழவழப்பான சோல், குதிகாலுக்கு மேலே குதிமுள்ளைத் தாங்கும் சிறு முட்டு. கிடங்கு முத்திரை இருக்க வேண்டிய காரணமே இல்லை. அதே கைவினைஞர் அதே ஆண்டில் குதிரைச் சவாரி பழகும் ஒரு வழக்கறிஞருக்குத் தைத்த ஜோடியும் அச்சு அசல் இப்படியே இருக்கும். குதிரை வளர்க்கும் எந்த ஐரோப்பிய நாட்டிலும் இதற்கு ஒப்பான பூட்ஸ் கிடைக்கும். எழுத்துபூர்வமான வரலாறு, அதாவது குடும்பத்திலிருந்து நேராக வந்ததற்கான கடிதம், அதே பூட்ஸோடு எடுத்த புகைப்படம், ரசீது போன்றவை இல்லாதவரை அதை 1930–40-களின் சவாரி பூட்ஸ் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதிகாரி பூட்ஸ் என்ற அடைமொழிக்குக் கூடுதல் விலை கொடுப்பது காகிதம் இருக்கும்போது மட்டும் நியாயமானது.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

ஜோடி ஜோடிதானா என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீளம், அகலம், கிடங்கு, ஆண்டு, குழல் உயரம், ஆணி வரிசை, தையல் நெருக்கம் ஆகிய அனைத்தும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். இரு வேறு ஜோடிகளில் தப்பிய ஒற்றைகளைச் சேர்த்து விற்பது வழக்கம். ஒற்றை இரண்டும் அசலாகவே இருக்கலாம். ஜோடி மட்டும் அசல் அல்ல. படத்தை மட்டும் பார்த்து வாங்க நேர்ந்தால் சோல், சோலின் இடுப்பு, குழலின் உட்புறம், முத்திரை, துணிக் காது, பக்கத் தையல் இவற்றுக்குத் தனித்தனியே அருகில் எடுத்த படம் கேட்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்த அழகான படத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

சட்டமும் கவனிக்க வேண்டியது. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86-அ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. ஆய்வு, கல்வி, கலை போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. சாதாரண பூட்ஸில் அத்தகைய சின்னம் இருப்பதில்லை என்பதால் விற்பனைக்குத் தடை எழுவதில்லை. ஸ்வஸ்திகாவோடு கூடிய முத்திரை இருந்தால், படம் வெளியிடும்போதே அதை மறைக்க வேண்டியிருக்கும்.

கைக்கு வந்த பூட்ஸைப் பளபளவென்று பாலிஷ் போட்டுக் காட்சிக்கு வைப்பது சேகரிப்பாளர்கள் அதிகம் செய்யும் சேதம். புதுப் பாலிஷும் எண்ணெயும் மடிப்பிலுள்ள பழைய படிவை மூடி, முத்திரை மையைக் கரைத்து, நாளைக்குச் சோதிக்க விரும்புபவருக்கு இருந்த சான்றுகளை அழித்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். அமிலம் இல்லாத காகிதத்தைச் சுருட்டிக் குழலுக்குள் நிறுத்தினால் அது சரிந்து மடியாது. வெயில் படாத, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறாமல் இறங்காமல் இருக்கும் அறை நல்லது. ஈரம் கூடினால் பூஞ்சையும் ஆணித் துருவும், குறைந்தால் தோல் வெடிப்பும் வரும். செதில் விட்டு உதிரும் தோலுக்குத் தாமாக மருந்து போடாமல், தோல் பாதுகாப்பு தெரிந்த அருங்காட்சியகப் பணியாளரிடம் காட்டுவது நல்லது. வாங்கிய நாள், யாரிடமிருந்து, என்ன சொல்லி விற்கப்பட்டது, எந்தச் சோதனை என்ன காட்டியது, எது ஐயமாகவே நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, பூட்ஸுக்குள் திணிக்காமல் பெட்டியோடு தனியாக வைக்க வேண்டும். தாளின் அமிலமும் பேனா மையும் தோலில் இறங்கும்.